வட்டம் போக மிச்சம்

பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கும் சத்தத்தில் அஜிஷா எழுந்துவிட்டாள்.

ஒவ்வொரு மூங்கிலும் தரையில் விழும்போது காதைப் பொத்தினாள். சத்தம் நின்றதும் கையை எடுத்தாள். அடுத்த மூங்கிலுக்கு மறுபடி பொத்தினாள். அழவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் ஒளியவும் இல்லை. சமையலறை வாசலிலிருந்து அதைப் பார்த்த சகாயசெல்வி, இன்றைய நாள் நல்லபடியாகப் போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. தேங்காய்ப்பட்டணத்தை ஒட்டிய அந்தக் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கில் நாளைக்குப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அங்கே அது பாதிக் கல்யாணம். வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, முற்றத்தில் பந்தல், மதியம் பிரியாணி. வளைகுடாவில் இருக்கும் தகப்பன்மார் இந்த ஞாயிற்றுக்கென்றே லீவைச் சேர்த்து வைப்பார்கள்.

ஏசுஅடிமையும் அப்படித்தான் வந்திருந்தான். சார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு வந்திருக்கிறான். வந்த நாளிலிருந்து மகள் அவன் இருக்கும் அறைக்குள் நுழைவதில்லை. அவன் முற்றத்துக்குப் போனால் அவள் உள்ளே வருவாள். அவன் உள்ளே வந்தால் அவள் முற்றத்துக்குப் போவாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. கதவு திறந்தால் காற்று இடம் மாறுவதுபோல அது நடந்தது.

அவளுக்கு அவன் புது ஆள், பழகட்டும் என்று சகாயசெல்வி சொல்லியிருந்தாள். அவனும் சரி என்றான். ஆனால் மகள் விட்டுப்போன அறையில் அவன் சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு வருவதை அவள் பார்த்திருக்கிறாள்.

அஜிஷாவுக்குப் பத்து வயது. திருவனந்தபுரத்து டாக்டர் ஆட்டிசம் என்று பெயர் சொன்னபோது மூன்று. பேச்சு குறைவு. மற்றவர்கள் சொல்வதில் கடைசிச் சொல்லை எடுத்துத் திருப்பிச் சொல்வாள். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொண்டுபோய் வைத்துவிடுவாள். ஊர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு இருந்து நாலாம் வகுப்பை முடித்துவிட்டாள். அதே பிள்ளைகளோடு இப்போது புதுநன்மை வரிசையிலும் நிற்கிறாள்.

சாப்பாடுதான் பெரிய பாடு. வெறும் சோறு, அவித்த மரச்சீனிக் கிழங்கு, முள் எடுத்த சாளை மீன், ஒரே கம்பெனியின் ஒரே பிஸ்கட். புதிதாக ஒன்று உதட்டைத் தொட்டால் குமட்டித் துப்பிவிடுவாள்.

பங்குத்தந்தையின் கவலையும் அதுதான். கேள்வி பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை, ஜெபத்தில் கடைசிச் சொல் மட்டும் வந்தால் போதும் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். ஆனால் நற்கருணையை வாயில் வாங்கித் துப்பிவிட்டால் அது சின்ன விஷயமில்லை. ஒத்திகையில் அர்ச்சிக்காத வெறும் அப்பத்தைத் தின்று காட்டட்டும், பிறகு தைரியமாக நிறுத்தலாம் என்பது அவருடைய முடிவு.

அதற்குச் சகாயசெல்வி மூன்று மாதமாகத் தயார்.

கருங்கல் பக்கத்தில் ஒரு மடத்தில்தான் சுற்றுவட்டப் பங்குகளுக்கெல்லாம் ஓஸ்தி என்கிற இந்த அப்பத்தைச் சுடுகிறார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். காகிதம்போல மெல்லிய தகடாகச் சுட்டு, அதிலிருந்து வட்ட வட்டமாக வெட்டி எடுப்பார்கள். வட்டங்கள் கோயில்களுக்குப் போகும். வெட்டியது போக மிச்சமாகும் ஓரத்தை உறையில் போட்டு, கேட்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். சின்ன வயதில் சகாயசெல்வியும் அதைக் கொறித்தபடி பஸ் ஏறியவள்தான். கருங்கல் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதில் ஓர் உறை வாங்கி வந்தாள். அதே மாவு, அதே ருசி, அதே மொறுமொறுப்பு.

முதல் வாரம் அஜிஷா முகர்ந்து மட்டும் பார்த்தாள். பிறகு நாக்கால் தொட்டாள். தவக்காலம் பாதி முடிந்தபோது ஒரு நாள் ஒரு விள்ளல் உள்ளே போனது. இப்போது டப்பாவை அவளே திறக்கிறாள்.

காலையில் வந்த கிரேசியிடம் சகாயசெல்வி அந்தக் காலி டப்பாவைக் காட்டினாள். கிரேசி ஏசுஅடிமையின் அக்கா. அவள் மகன் ரெனிஷுக்கும் நாளைதான் புதுநன்மை, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பந்தல். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்த கிரேசி, ஊருக்கெல்லாம் நாளைக்குப் பிரியாணி என்றால் இவளுக்கு மட்டும் ஓஸ்தி ஓரம் ஒரு செம்பு வாங்கிவிட வேண்டியதுதான் என்று சிரித்தாள்.

*

ஒத்திகை பத்து மணிக்கு.

சத்தியபாய் டீச்சர் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியிருந்தார். பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர், ஞாயிறுகளில் மறைக்கல்வி. குரலை உயர்த்தாமலே வரிசையை நேராக்கத் தெரிந்தவர். அஜிஷாவை வரிசையில் சேர்ப்பதில் அவருக்கு முழு மனது இருக்கவில்லை. ஆனால் சேர்த்த பிறகு ஒருநாளும் அவளை விட்டுவிட்டு வகுப்பைத் தொடங்கியதில்லை.

ரெனிஷுக்குப் பின்னால் அஜிஷா. சகாயசெல்வி பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏசுஅடிமை உள்ளே வரவில்லை. மகள் கண்ணில் படாதபடி கோயில் வாசலில், தூணை ஒட்டி நின்றான்.

வரிசை நகர்ந்தது. அஜிஷா நகர்ந்தாள். வலது கைமேல் இடது கையை வைத்தாள். கும்பிடும் பொம்மைபோலக் கச்சிதமாக நின்றாள். பங்குத்தந்தை வட்ட அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் உடல்" என்றார்.

"உடல்" என்றாள் அஜிஷா.

பங்குத்தந்தை சிரித்தபடி அப்பத்தை அவள் கையில் வைத்தார். அவள் சொல்லிக்கொடுத்தபடி ஓரடி விலகி நின்றாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, பங்குத்தந்தையின் தட்டில் அதை வைத்துவிட்டாள்.

அவர் மறுபடி கொடுத்தார். அவள் மறுபடி கொண்டுபோய் வைத்தாள். வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ரெனிஷ் திரும்பிப் பார்த்து, சிரிக்காதே என்று பின்னால் நின்றவனுக்குக் கண் காட்டினான்.

மூன்றாம் முறை அப்பம் கைக்கு வந்ததும் சத்தியபாய் டீச்சர் உதவிக்கு வந்தார். நல்ல எண்ணம்தான். பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து மெதுவாக வாய்ப் பக்கம் கொண்டுபோனார். பின்னாலிருந்து தொட்டால் அஜிஷாவுக்கு ஆகாது. கையை உருவிக்கொண்டு ஒரே ஒரு கூச்சல் போட்டாள். அது கோயிலின் உயரமான கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த எதிரொலிக்கு அவளே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பம் அவளுடைய இடது கைக்குள் இருந்தது. அந்தக் கையை யாராலும் விரிக்க முடியவில்லை.

பங்குத்தந்தை சகாயசெல்வியைத் தனியே அழைத்தார். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. அதுவே அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

"சாயந்திரம் பிள்ளைகளுக்க பாவசங்கீர்த்தனம் முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. எனக்க முன்னால ஒரு தடவ தின்னாப் போதும், நாளைக்கு நிறுத்துவோம். இல்லேண்ணா அவசரமில்லம்மா. வேற ஒரு நாள் பாத்துக்கிடுவோம். இது பரீட்சையில்ல."

இதமான பேச்சு. ஆனால் வேறு ஒரு நாள் என்றால் அஜிஷா தனியாக நிற்பாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட இருந்த பிள்ளைகள் நாளைக்கு நிற்பார்கள். அவளுக்கு வரிசை என்றால் அந்த வரிசைதான்.

*

வீட்டில் பந்தலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

கிரேசி அவளைச் சமையலறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு, இந்த வருஷம் ரெனிஷுக்கு மட்டும் நடக்கட்டும், பந்தல் எப்படியும் இருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றாள். கேட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்.

"நாளைக்கு அவ்வளவு ஆளுக்க முன்னால வெச்சுத் துப்பிச்சிண்ணா ஆருக்கு ஏட்டி கொறச்சல்? பிள்ளைக்குத்தானே?"

"பிள்ளைக்கு இல்ல மைனி" என்றாள் சகாயசெல்வி. "நமக்கு."

கிரேசி வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள். கோபமில்லை.

சகாயசெல்வி வெளியே வந்தபோது அஜிஷா முன்னறையின் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதிதாகப் பிரித்த ஓர உறை. பசியாக இருக்கும். ஆனால் தின்னவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து எதையோ தேடினாள். உடையாத ஒரு பெரிய துண்டு கிடைத்தது. அதைத் தரையில் வைத்தாள். காலையிலிருந்து மூடியிருந்த இடது கையை விரித்தாள். வேர்வையில் லேசாக வளைந்திருந்த வட்ட அப்பத்தை எடுத்து, அந்தத் துண்டின் நடுவே இருந்த ஓட்டையில் வைத்தாள். விரலால் ஓரத்தை ஒருமுறை தடவிச் சரி செய்தாள்.

அது பொருந்தியது.

அவள் முகம் தெளிந்துவிட்டது. காலையிலிருந்து ஒருவரும் செய்யாத வேலையைச் செய்து முடித்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு உறைக்குள் கைவிட்டு, பக்கத்துத் துண்டுகளை எடுத்துத் தின்னத் தொடங்கினாள். வட்டத்தைத் தொடவே இல்லை.

சகாயசெல்வி அப்படியே நின்றாள். மூன்று மாதமாக அவள் கொடுத்த எந்தத் துண்டிலும் வட்டம் இல்லை. எல்லாமே வட்டம் போன இடத்தின் விளிம்பு. அதே மாவு என்று அவள் நினைத்தாள், அதே ருசி என்று நினைத்தாள். அஜிஷாவுக்கு ருசி ஒரு பாதிதான். தின்ன வேண்டியது ஓரம். வட்டம் என்பது ஓட்டையில் இருக்க வேண்டியது. யாரோ அதை எடுத்துவிட்டார்கள். பங்குத்தந்தையின் தட்டிலிருந்து அது கைக்கு வந்ததும், அவள் எடுத்த இடத்தில் திருப்பி வைத்தாள். இரண்டு முறை.

சகாயசெல்விக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுகிறாள் என்று நினைத்துக் கிரேசி வெங்காயக் கையோடு ஓடி வந்தாள். பந்தல் பக்கமிருந்து ஏசுஅடிமையும் வந்து வாசலில் நின்றான்.

"நான்தான் மைனி" என்றாள் சகாயசெல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மூணு மாசமா ஓரம் தின்னத்தான் நான் படிப்பிச்சிருக்கேன். அவ படிச்சத அவ சரியாத்தான் செய்யுதா."

கிரேசி தரையில் பொருந்தியிருந்த வட்டத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

ஏசுஅடிமை சிரிக்கவில்லை. மடத்தில் இப்போது சிஸ்டர் இருப்பார்களா என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டுச் சட்டையை மாற்றப் போனான்.

*

ஆட்டோவில் அஜிஷா ஓர் ஓரம், ஏசுஅடிமை மறு ஓரம், நடுவில் சகாயசெல்வி. கருங்கல் போகும்வரை மூவரும் பேசவில்லை. பேச்சில்லாத பயணம் அஜிஷாவுக்குப் பிடிக்கும். ரப்பர் தோட்டங்கள் வந்ததும் தலையை வெளியே நீட்டாமல், கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி, ஓடும் மரங்களைப் பார்த்தாள்.

மடத்தில் அப்பம் சுடும் சிஸ்டர் எலிசா அவர்களைப் பார்த்ததும், சனிக்கிழமை சாயந்திரம் ஓரம் கேட்டு வருகிறவர்கள் யார் என்று வியந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக உறை கட்டிக் கொடுக்கும் தனக்கும் இது தோன்றவில்லையே என்றார். எல்லோரையும் உள்ளே கூட்டிப் போனார்.

உள்ளே வறுத்த மாவின் மணம். அஜிஷா வாசலில் நின்று மூக்கை உயர்த்தினாள். அது அவளுக்குத் தெரிந்த மணம். அவளாகவே உள்ளே போனாள்.

மேசைமேல் கைப்பிடி வைத்த வெட்டும் கருவி இருந்தது. சுட்ட தகடுகளைச் சற்று ஈரக்காற்றில் வைத்துத்தான் வெட்ட வேண்டும், காய்ந்துபோனால் ஒடியும். மிச்சமிருந்த தகடுகள் காய்ந்துதான் இருந்தன. பரவாயில்லை என்று சிஸ்டர் ஒன்றை எடுத்து வைத்துக் கைப்பிடியை அழுத்தினார். வட்டங்கள் ஒரு தட்டில் விழுந்தன. ஓரம் பக்கத்திலிருந்த பாத்திரத்துக்குப் போனது.

அஜிஷா குனிந்து பார்த்தாள். கைப்பிடி இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தாள். வட்டம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று முழுவதும் பார்த்தாள். பிறகு சிஸ்டரின் கையை விலக்கிவிட்டுக் கைப்பிடியைத் தானே பிடித்தாள். சிஸ்டர் விட்டுக்கொடுத்தார்.

நன்றாகத்தான் வெட்டினாள். ஆனால் தட்டில் சேர்ந்த வட்டங்களைத் தின்னவில்லை. சகாயசெல்வி ஒரு வட்டத்தை எடுத்து அவள் பார்க்கத் தின்றாள். சிஸ்டர் ஒன்று தின்றார். அஜிஷா இருவரையும் பார்த்தாள். குறைந்துபோன இரண்டையும் ஈடுகட்ட இன்னும் இரண்டு வெட்டி வைத்தாள்.

சகாயசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் தணிந்துகொண்டிருந்தது. வட்டம் தின்னப் பழக்க இன்னும் மூன்று மாதம் வேண்டும். நாளைக்குக் காலையில் வேண்டும் என்று கேட்டால் யாரால் முடியும். ரெனிஷுக்கு மட்டும் நடக்கட்டும் என்று கிரேசியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடத் தொடங்கியிருந்தாள்.

காய்ந்த தகடு. சில வட்டங்கள் வெட்டும்போதே பாதியாக ஒடிந்தன. சிஸ்டர் அவற்றைத் தட்டிலிருந்து பொறுக்கி எடுத்து, "மூளி விழுந்தது எல்லாம் இதுல, மோளே" என்று ஓரப் பாத்திரத்தில் போட்டுக் காட்டினார்.

"மோளே" என்றாள் அஜிஷா. அடுத்து ஒடிந்ததை அவளே பொறுக்கிப் போட்டாள்.

ஏசுஅடிமை கதவருகே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். மகளுடைய பழக்கம் எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் பார்த்தான். ஓரப் பாத்திரத்திலிருந்து அவள் எடுத்துத் தின்னும் ஒவ்வொரு துண்டையும் பார்த்தான்.

"செல்வி" என்று மெதுவாகக் கூப்பிட்டான். "அவ இப்பத் தின்னது ஓரமில்ல. பாதி வட்டமாக்கும்."

சகாயசெல்வி திரும்பினாள்.

அவன் மேசைக்கு அருகே வந்தான். அஜிஷா நகர்ந்து போகவில்லை, வேலையில் இருந்தாள். அவன் தட்டிலிருந்து முழு வட்டம் ஒன்றை எடுத்தான். அவள் கண்ணுக்கு நேரே பிடித்து, இரண்டாக ஒடித்தான். மெல்லிய சத்தம் கேட்டது. இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

அஜிஷா கையைப் பார்த்தாள். ஒடிந்தது மிச்சம். மிச்சம் தின்னலாம். அவன் கையிலிருந்து ஒரு பாதியை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். கைப்பிடியைப் பிடித்து அடுத்த வட்டத்தை வெட்டினாள்.

ஏசுஅடிமையின் கை நீட்டியபடியே இருந்தது. அவன் அதை மடக்க மறந்துவிட்டான் என்று சகாயசெல்விக்குத் தோன்றியது. அவன் வந்த இந்தப் பத்து நாளில் அவள் அவனிடமிருந்து வாங்கிய முதல் பொருள் அது.

சிஸ்டர் எலிசாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இனி சனிக்கிழமைகளில் இந்தப் பிள்ளையை இங்கே விட்டால் தனக்கு இடுப்பு வலி மிச்சம் என்றார்.

*

பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் முடிந்து கடைசிப் பிள்ளையும் போன பிறகு பங்குத்தந்தை வெளியே வந்தார். சத்தியபாய் டீச்சரும் போகாமல் இருந்தார். காலையில் கையைப் பிடித்தது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. சகாயசெல்வியிடம் வந்து, அப்படிப் பிடித்திருக்கக் கூடாது, அறியாமல் செய்துவிட்டேன் என்றார்.

சகாயசெல்வி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைப் பங்குத்தந்தையிடம் சொன்னாள். ஓரம், ஓட்டை, வட்டம், மூளி எல்லாம் சொன்னாள். பாதியாக ஒடித்துக் கொடுக்கலாமா, அதற்குச் சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்டாள்.

அவர் இரண்டு விரலால் ஒடிப்பதுபோலக் காட்டினார்.

"திருவிழாவுக்குக் கூட்டம் கூடி அப்பம் தெகயாம வந்தா நான் என்னம்மா செய்யுதேன்? ஒடிச்சுத்தானே குடுக்குதேன்."

பூசை அறைக்குள் போய் வெறும் அப்பம் ஒன்றை எடுத்து வந்தார். அஜிஷா கையின்மேல் கையை வைத்து நின்றாள். அவர் அவள் முன்னால் அதை ஒடித்தார்.

"கிறிஸ்துவின் உடல்."

"உடல்."

அவள் வாயில் போட்டாள். மென்றாள். எல்லோரும் அவள் தொண்டையைப் பார்த்தார்கள். அது அசைந்தது. பிறகு அவள் மறுபடி கையை நீட்டினாள். இன்னொரு பாதி அவர் கையில் இருக்கிறதே.

பங்குத்தந்தை சிரித்தார். ஒன்றுதான் தரமுடியும், நாளைக்கும் இப்படிக் கேட்பாளே என்று யோசித்தார். அந்த மறு பாதியை, அவளுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு அவள் பார்க்கவே கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்றார். அம்மா பின்னால் நிற்கட்டும்.

சகாயசெல்வி தலையசைக்கப் போனாள். பத்து வருஷமாக அவள் நின்ற இடம் அது. பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். ஏசுஅடிமை காலையில் நின்ற அதே தூணருகே நின்றிருந்தான்.

"இவருக்க அப்பா நிக்கட்டும் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு, பதற்றத்தில் சொல் தடுமாறியதை உணர்ந்து திருத்தினாள். "இவளுக்க அப்பா."

ஏசுஅடிமை பீடத்தின் அருகே வந்தான். பங்குத்தந்தை மறு பாதியை அவன் கையில் வைத்தார். அஜிஷா திரும்பி, அவன் அதை வாயில் போடும்வரை பார்த்தாள். போட்டதும் திருப்தியாகி, கையை இறக்கிக்கொண்டாள்.

*

கோயிலிலிருந்து வீடு நடக்கும் தூரம். சத்தியபாய் டீச்சரும் பாதி வழி கூட வந்தார்.

நாலாம் வகுப்பு முழுவதும் சகாயசெல்வி பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கூட இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். காலையில் மகளோடு போவாள், மணி அடித்ததும் மகளோடு வருவாள். ஐந்தாம் வகுப்பிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

முடுக்கு திரும்பும் இடத்தில் டீச்சர் நின்றார். இன்று காலையில் தான் செய்த தவறும் மாலையில் பார்த்ததும் சேர்ந்து அவரை ஏதோ செய்திருந்தன போலும். அஜிஷாவின் பின்னலைத் தொடப் போனவர், நினைவு வந்து, முன்பக்கமாக வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஜூன்ல எனக்க கிளாசுல இவ தனியா இரிக்கட்டும். நீங்க கூட வரண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு அவர் தன் வழியில் போய்விட்டார்.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. சகாயசெல்விக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் கூடவே, கையில் இருந்த பாரத்தை யாரோ சொல்லாமல் வாங்கிக்கொண்டதுபோல ஒரு தடுமாற்றம். அவள் நடையைக் குறைத்தாள். அஜிஷா முன்னால் நடந்தாள். ஏசுஅடிமை மகளுக்கு இரண்டடி பின்னால் நடந்தான். அவள் வேறு பக்கம் விலகவில்லை.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஒம்பது மணிக்கு அவள விட்டுட்டு வந்து, நாலு மணி வரைக்கும் நீ என்ன செய்வ?"

அவன் சும்மாதான் கேட்டான். கேலியும் கொஞ்சம் இருந்தது. முதலில் ஒரு சாயாவைச் சூடு ஆறுவதற்குள் குடிப்பேன் என்று அவளும் கேலியாகவே சொன்னாள். அவன் சிரித்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான்.

ஆனால் அந்தக் கேள்விக்கு அவளிடம் வேறொரு பதில் இருந்தது. அஜிஷா பிறப்பதற்கு முன்பே அவளிடம் இருந்த பதில்: கல்யாணத்தோடு பாதியில் விட்ட டீச்சர் படிப்பை முடிக்க வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரியவில்லை. சார்ஜாவுக்கு அவன் திரும்பிப் போவதற்குள் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"கேட்டீளா" என்று கூப்பிட்டாள்.

அவன் நின்றான். மகளும் நின்றாள்.